காக்காவுக்குச் சந்தா கட்டுகிறோம், தமிழுக்கு?

நியூசிலாந்தின் தென் தீவில், ஒட்டாகோவின் உட்பகுதியில் அலெக்ஸாண்ட்ரா என்று ஒரு சின்ன ஊர். பழத்தோட்டங்களுக்குப் பேர்போன இடம். ஹேமிஷ் மெக்கென்சி என்ற பத்திரிகையாளர் அந்த ஊர்க்காரர். கிறிஸ் பெஸ்ட், ஜெய்ராஜ் சேதி என்ற இருவரோடு சேர்ந்து 2017-இல் அமெரிக்காவில் அவர் தொடங்கிய நிறுவனம்தான் சப்ஸ்டாக். தனி ஆள் ஒருவர் மின்மடல் எழுதி, இடையில் ஆசிரியரோ விளம்பரதாரரோ இல்லாமல் வாசகரிடம் நேரடியாகச் சந்தா வாங்கும் பழக்கம் இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அதில் அந்த நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஐடி வேலையில் இருப்பவனிடம் ஆக்லாந்து தமிழர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டே கேள்விதான். ஒன்று, 'லேப்டாப் ஸ்லோவா இருக்கு, என்ன பண்ணலாம்?' இன்னொன்று, 'உங்க கம்பெனியில ஆள் எடுக்குறாங்களா?' இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 'நியூஸ்லெட்டர் ஒண்ணு ஆரம்பிச்சா மாசம் எவ்வளவு வரும்?' இதற்குக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லிவிடலாம், கீழே சொல்கிறேன். ஆனால் கேட்கிறவர்களிடம் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: 'நீங்க தமிழ்ல எதுக்காவது சந்தா கட்டுறீங்களா?' பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும்.

இங்கே ஊடகங்கள் இருக்கிற நிலைமையை முதலில் சொல்லவேண்டும். நாட்டின் பெரிய செய்தி நிறுவனங்களில் ஒன்றான ஸ்டஃப் 2020-இல் ஒரே ஒரு டாலருக்குக் கைமாறியது. எழுத்துப் பிழை இல்லை, ஒரு டாலர்தான். 2024 ஜூலை 5 அன்று நியூஸ்ஹப் தொலைக்காட்சிச் செய்தி கடைசி முறையாக ஒளிபரப்பாகி மூடப்பட்டது. அதே ஆண்டில் டிவிஎன்இசட் தன் 'சண்டே', 'ஃபேர் கோ' நிகழ்ச்சிகளை நிறுத்தியது. நவம்பரில் ஆக்லாந்தின் 'தி ஸ்பின்ஆஃப்' தளம், நிலைமை மோசம் என்று வாசகர்களுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதி ஆதரவு கேட்டது. விளம்பரக் காசு கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போய்விட்ட பிறகு மிச்சமிருப்பது வாசகரின் சட்டைப் பைதான்.

அந்தப் பையை நம்பி நடக்கும் மடல்களில் நான் சந்தா கட்டிப் படிப்பது பெர்னார்ட் ஹிக்கி எழுதும் 'தி காக்கா'. நம்ம ஊர்க் காக்கா இல்லை. மாவோரி மொழியில் அது இந்த நாட்டுக் காட்டுக்கிளி ஒன்றின் பெயர். பழுப்பு உடம்பு, இறக்கைக்கு அடியில் சிவப்பு. குளிர்காலத்தில் ஹவுராக்கி வளைகுடாத் தீவுகளிலிருந்து ஆக்லாந்து நகர மரங்களுக்கும் வந்து போகும். கத்துகிற கத்தில் நம்ம காக்காவுக்கு ஒன்றும் குறைந்ததில்லை. ஹிக்கி பழுத்த பொருளாதாரப் பத்திரிகையாளர். இன்ட்ரஸ்ட் டாட் கோ தளத்தை வளர்த்தவர்களில் ஒருவர், நியூஸ்ரூம் தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதையெல்லாம் விட்டுவிட்டுத் தனி மடல் நடத்துகிறார். வீட்டு விலை, பருவநிலை, வறுமை ஆகிய மூன்றையும்தான் திரும்பத் திரும்ப எழுதுவார். கிரிக்கெட் கிடையாது, சினிமா கிடையாது. ஆக்லாந்தில் வீடு வாங்க டெபாசிட் சேர்க்கிற தமிழ்க் குடும்பத்துக்கு அந்த மூன்றில் முதலாவது ஒன்றே போதும், படிக்க.

என்னைக் கவர்ந்தது அவர் சந்தா வைத்திருக்கும் முறை. முழு விலை மாதம் 19 டாலர் அல்லது ஆண்டுக்கு 190. முப்பது வயதுக்குக் கீழே என்றால் ஆண்டுக்கு 30. அறுபத்தைந்தைத் தாண்டியும் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு 65. பல்கலைக்கழக, பள்ளி மின்னஞ்சல் முகவரியோடு இலவசமாகச் சேரும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் முழு மடலும் சும்மாவே திறந்துவிடும். இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒரு கட்டுரையை ஊர் முழுக்கப் படிக்கவேண்டும் என்று சந்தாதாரர்கள் போதிய அளவு விருப்பம் தெரிவித்தால் பூட்டைத் திறந்து எல்லாருக்கும் விட்டுவிடுவார். அதாவது காசு கொடுத்தவர், கொடுக்காதவருக்காகவும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். வீட்டு விலையைப் பற்றி எழுதுகிறவர், யாருக்கு வீடு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார்த்து விலை வைத்திருக்கிறார்.

இதைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது பாரதியின் 'இந்தியா' வாரப் பத்திரிகை. 1906-இல் சென்னையில் தொடங்கி, 1908-இல் கைது நெருக்கடி வந்ததும் புதுச்சேரிக்கு இடம் மாறி, பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரவிடாமல் தடுக்கப்பட்டு 1910-இல் நின்றுபோனது. அதன் சந்தா விவரத்தைப் பாருங்கள். எல்லா கவர்ன்மெண்டாருக்கும் ஐம்பது ரூபாய். ஜமீன்தார், ராஜாக்கள், பிரபுக்களுக்கு முப்பது. மாதம் இருநூறு ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குப் பதினைந்து. அதற்கு மேற்படாதவர்களுக்கு மூன்று ரூபாய். சர்க்காரைத் திட்டுகிற பத்திரிகைக்குச் சர்க்கார்தான் அதிகம் கொடுக்கவேண்டும் என்கிற அந்த நக்கலை விடுங்கள், அது பாரதிக்கே உரியது. அடியில் இருக்கும் யோசனை நூறு வருஷம் கழித்துச் சப்ஸ்டாக்கில் பார்க்கிற அதே யோசனை. ஒரே எழுத்துக்கு எல்லாரும் ஒரே விலை கொடுக்கவேண்டியதில்லை.

சந்தா நமக்குப் புதிய சரக்கும் இல்லை. மணியார்டர் கூப்பனில் 'சந்தா புதுப்பிக்க' என்று எழுதி அனுப்பிய தாத்தாக்கள் நம் எல்லார் வீட்டிலும் இருந்திருக்கிறார்கள். சி.சு.செல்லப்பா 1959-இல் தொடங்கி 1970 வரை 'எழுத்து' நடத்தினார். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். கைக்காசு போட்டவர் அவர். வாசகர்களில் ஒரு சின்னக் கூட்டம் சந்தா கட்டியது. கட்டாத பெரிய கூட்டம் பின்னாளில் அவரைப் புகழ்ந்தது.

அப்புறம் இணையம் வந்தது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலுக்குத் தொடங்கியது. உலகெங்கும் இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். எழுத்துரு செய்தவர்களும் அப்படித்தான், இணைய இதழ் நடத்தியவர்களும் அப்படித்தான். அந்தத் தாராளம் இல்லாவிட்டால் இன்று திரையில் தமிழே இல்லை, அவர்களுக்குக் கும்பிடு. ஆனால் அதன் பக்கவிளைவாக, திரையில் தெரிகிற தமிழ் என்றாலே ஓசி என்று வாசகர் மனதில் பதிந்துவிட்டது. சங்க இலக்கியம் ஓசியாக இருக்கலாம், அதை எழுதியவர்களுக்கு வாடகை கட்டவேண்டியதில்லை. இன்று எழுதுகிறவருக்கு அப்படியா?

சரி, கணக்குக்கு வருகிறேன்.

மாதம் 5 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சப்ஸ்டாக் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும், அது 50 சென்ட். கார்டில் காசு வாங்கித்தரும் ஸ்ட்ரைப் நிறுவனத்துக்குச் சுமார் 3 சதவீதமும் ஒவ்வொரு தடவைக்கும் 30 சென்ட்டும். மொத்தம் 95 சென்ட், ஐந்தில் ஒரு பங்கு போச்சு. அதையே ஆண்டுக்கு 50 டாலர் என்று ஒரே தடவையில் வாங்கினால் கழிவு 6 டாலர் 80 சென்ட். கைக்கு 43 டாலர் 20 சென்ட் வரும். பன்னிரண்டு முறை 30 சென்ட் கொடுப்பதற்குப் பதில் ஒரு முறை கொடுக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். சின்ன விலை வைப்பவர்கள் ஆண்டுச் சந்தாவைத்தான் முன்னால் வைக்கவேண்டும்.

நியூசிலாந்தின் குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 23 டாலர் 50 சென்ட் ஆனது. வாரம் 40 மணி, 52 வாரம் என்றால் ஆண்டுக்கு 48,880 டாலர். அதை 43.20-ஆல் வகுத்தால் 1,131 சந்தாதாரர்கள் வருகிறது. இலவசமாகப் படிப்பவர்களில் காசு கட்டுகிறவர்கள் 5 முதல் 10 சதவீதம் என்பது சப்ஸ்டாக்கே சொல்லும் கணக்கு. 10 சதவீதம் என்று தாராளமாக எடுத்தாலும் பதினோராயிரத்துக்கு மேல் இலவச வாசகர்கள் வேண்டும். 5 என்றால் இருபத்திரண்டாயிரத்துக்கு மேல். சூப்பர் மார்க்கெட்டில் பெட்டி அடுக்குகிறவர் வாங்கும் சம்பளத்தைத் தொடவே இவ்வளவு. 'வேலையை விட்டுட்டு நியூஸ்லெட்டர்' என்று யூடியூபில் பேசுகிறவர்கள் இந்த வகுத்தலைப் போட்டுக் காட்டுவதில்லை.

ஆனால் முழுச் சம்பளம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் கணக்கு அழகாகிவிடும். இருநூறு பேர் கட்டினால் ஆண்டுக்கு 8,640 டாலர். ஆக்லாந்தில் அது பாக்கெட் மணி. யாழ்ப்பாணத்திலோ திருநெல்வேலியிலோ உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அது வேறு தொகை. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ என்று சிதறிக்கிடக்கும் நம் கூட்டத்தில் இருநூறு பேர் என்பது ஒரு கல்யாண வரவேற்பில் முதல் பந்தி.

இங்கேதான் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. நன்றாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கே இருக்கிறார்கள். காசு வாங்கும் குழாய் அங்கே போவதில்லை. இலங்கையில் இருப்பவர் ஸ்ட்ரைப் கணக்கு திறக்கமுடியாது. இந்தியாவில் 2024 மே மாதத்திலிருந்து புதிய கணக்குக்கு ஸ்ட்ரைப்பே அழைத்தால்தான் உண்டு. அதற்கு முன்பே, 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தொடர்கட்டண விதி நடைமுறைக்கு வந்தபோது இந்திய கார்டுகளில் தானாகப் புதுப்பித்துக்கொண்டிருந்த சந்தாக்கள் பல நின்றுபோயின. சப்ஸ்டாக்கின் கல்லாப்பெட்டி ஸ்ட்ரைப்தான். ஆக, மடல் அனுப்பலாம், பாராட்டு வாங்கலாம், காசு வாங்கமுடியாது.

யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியார். கடற்கரை ஊர்களைப் பற்றியும், பெயர் மாறிப்போன தெருக்களைப் பற்றியும், ஒரு கிணற்றை மூன்று குடும்பங்கள் பங்கு பிரித்த கதையைப் பற்றியும் அவர் எழுதுவதைப் படித்தால், அந்தப் பக்கம் போயே பார்க்காத எனக்கே ஊர் ஞாபகம் வரும். பத்து வருஷமாக ஃபேஸ்புக்கில் போட்டுக்கொண்டிருந்தார். விருப்பக்குறிகள் நூற்றுக்கணக்கில். 'அருமை அண்ணா' என்று டொராண்டோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் எழுதுவார்கள். 2023 ஆகஸ்டில் கனடாவின் இணையச் செய்திச் சட்டத்தோடு மல்லுக்கட்டி, மெட்டா அங்கே ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தி இணைப்புகளை மொத்தமாக நிறுத்தியது. உள்ளூர்ப் பத்திரிகை, வெளிநாட்டுப் பத்திரிகை என்ற பேதம் இல்லை. இதைப் போன்ற தமிழ்ச் செய்தித் தளங்களின் இணைப்புகளும் அதில் அடக்கம். நண்பரின் பதிவுகள் தப்பின, அவர் செய்தி நிறுவனம் இல்லையே. ஆனால் அன்றைக்கு அவர் என்னிடம் கேட்டார்: 'நாளைக்கு இவங்கள் கதவைச் சாத்தினா, வாசிக்கிற ஆக்களை நான் எங்க போய்த் தேடுறது?'

மின்மடலின் பெரிய பலம் இதற்குப் பதில் வைத்திருப்பதுதான். முகவரிப் பட்டியல் எழுதுகிறவருடையது. சப்ஸ்டாக் பிடிக்கவில்லை என்றால் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகலாம்; ஸ்ட்ரைப் கணக்கும் கூடவே வரும். நாஜிக் கருத்துகள் பரப்பும் மடல்களைச் சப்ஸ்டாக் அனுமதிக்கிறது என்று 2023 கடைசியில் சர்ச்சை வந்தபோது, 'பிளாட்ஃபார்மர்' என்ற பெரிய மடல் 2024 ஜனவரியில் கோஸ்ட் என்ற மென்பொருளுக்குக் குடிபெயர்ந்தது. கோஸ்ட்டை நடத்துவது லாப நோக்கமில்லாத அமைப்பு, சந்தாவில் பங்கு கேட்பதில்லை. சர்வர் செலவை மட்டும் நாம் பார்த்துக்கொள்ளவேண்டும். என்னைப் போல ஆள் ஒருவர் கூட இருந்தால் அதுவே சௌகரியம்.

நண்பரும் நானும் ஆறு மாதம் முன்பு இதைத் தொடங்கினோம். எழுத்து அவருடையது, கணக்கு, சர்வர், வாசகர் கடிதம் என் பக்கம். கணக்கு என் பெயரில் இருப்பதால் வருமானம் எனக்கு வந்ததாகத்தான் இங்கே வருமான வரித் துறைக்குக் காட்டவேண்டும்; அவருக்கு அனுப்புவது செலவு. அதற்கு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். ஆண்டு வரவு 60,000 டாலரைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அந்தக் கவலை வருகிற நாளுக்காகத்தான் காத்திருக்கிறோம். ஒன்று மட்டும் சொல்லவேண்டும். ஒரே முதலாளியிடம் மட்டும் வேலை செய்யும் விசாவில் இங்கே இருப்பவர்கள் தன் பெயரில் சந்தா வாங்குவதற்கு முன் விசா நிபந்தனையைப் படித்துவிடுங்கள். பக்கத் தொழில் என்பது அந்த விசாவில் சாதாரண விஷயம் இல்லை.

தமிழில் மடல் அனுப்புவதில் ஆங்கிலத்தில் இல்லாத சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'கொ' என்று எழுதினால் மெய்யும் கொம்புமாக ஆறு. ஜிமெயில் சுமார் 102 கிலோபைட்டுக்கு மேல் போகிற மடலை நடுவில் வெட்டிவிட்டு, மிச்சத்தைப் படிக்க வேறிடத்தில் அழுத்தச் சொல்லும். கட்டுரை நீளமாக இருந்து, அலங்கார வடிவமைப்பும் சேர்ந்தால் சீக்கிரமே அந்த எல்லை வந்துவிடும். வெட்டுப்படுவது கட்டுரையின் முடிவு மட்டும் இல்லை, கடைசியில் இருக்கும் 'விலகிக்கொள்ள' என்ற சுட்டியும்தான். அது முக்கியம். இந்த நாட்டின் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வணிக மடல் அனுப்புகிறவர் பெறுநரின் சம்மதம் வாங்கியிருக்கவேண்டும், தான் யார் என்று சொல்லவேண்டும், விலகும் வழியும் தரவேண்டும். தமிழ்ச் சங்கத்தின் முகவரிப் பட்டியலை யாரோ தந்தார்கள் என்று அப்படியே ஏற்றி அனுப்புவது இங்கே சட்டப்படி தப்பு. விலகும் வழி தெரியாதவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். பத்துப் பேர் அழுத்தினால் மற்றவர்களுக்கும் மடல் குப்பைக்குப் போக ஆரம்பிக்கும். நாங்கள் அலங்காரத்தை எடுத்துவிட்டோம். வெறும் எழுத்து, ஒரே ஒரு படம்.

கூடவே நண்பரே வாசித்த ஒலிப்பதிவும் போகிறது. இது இரண்டாம் தலைமுறைக்காக. என் அண்ணன் பிள்ளைகள் மாதிரி, தமிழ் பேசுவார்கள், படிக்கத் திணறுவார்கள். காரில் போகும்போது கேட்கிறார்கள். அவருடைய யாழ்ப்பாணத் தமிழ் அவர்களுக்குப் பாதி புரியவில்லை என்பது வேறு விஷயம். புரியாததைக் கேட்டு எழுதுகிறார்களே, அந்தக் கடிதங்கள்தான் எனக்குப் பிடித்தவை.

'இதுக்கெல்லாம் யாரு காசு குடுப்பா? வாட்ஸ்அப்ல சும்மாவே வருதே' என்றார் சாண்ட்ரிங்ஹாம் மளிகைக்கடையில் ஒரு அண்ணாச்சி. வாட்ஸ்அப்பில் வருவது என்ன என்று 2025-இல் நன்றாகவே பார்த்தோம். பெற்றோரை ஐந்து வருஷம் வரை அழைத்து வைத்துக்கொள்ளும் பேரன்ட் பூஸ்ட் விசாவை அரசு அறிவித்தது. செப்டம்பர் 29 முதல் விண்ணப்பிக்கலாம் என்றது. அது வருகையாளர் விசா, மருத்துவக் காப்பீடு கட்டாயம். குழுக்களில் சுற்றியதோ 'அப்பா அம்மாவுக்கு பிஆர் குடுக்கிறாங்க' என்று. அதை நம்பி ஊரில் வீட்டை விற்கலாமா என்று யோசித்தவர்கள் உண்டு. ஒரு தமிழர் அரசு அறிவிப்பை உட்கார்ந்து படித்து, நாலு பக்கத்தில் தெளிவாகத் தமிழில் எழுதி அனுப்பியிருந்தால் அதற்கு ஐம்பது டாலர் அதிகமா? தனி மடல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டேவிட் ஃபாரியரின் 'வெப்வார்ம்' உதாரணம். 2020-இல் தொடங்கிய அந்த மடல், நாட்டின் பெரிய திருச்சபைகளில் ஒன்றான அரைஸ் இளைஞர்களைச் சம்பளமில்லாமல் எப்படி வேலை வாங்கியது என்று 2022-இல் எழுதியது. அதைத் தொடங்கிய போதகர் அந்த ஆண்டே விலகினார். பெரிய பத்திரிகைகள் அதற்குப் பிறகுதான் பின்னால் வந்தன. நம் சங்கங்களையும் கோயில் கமிட்டிகளையும் பற்றி அப்படி எழுதத் தமிழில் யாருக்கு வசதி இருக்கிறது? விளம்பரம் கொடுப்பவர்களே கமிட்டியில் இருப்பார்கள்.

எங்கள் மடலுக்கு விலைப்பட்டியல் போடும்போது ஹிக்கியையும் பாரதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். இலங்கையிலும் இந்தியாவிலும் இருப்பவர்களுக்கும், எங்கே இருந்தாலும் மாணவர்களுக்கும் வேலை தேடுகிறவர்களுக்கும் இலவசம். மற்றவர்களுக்கு ஆண்டுக்கு 50 டாலர். ஆக்லாந்தில் இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களுக்கு 150. அதற்கு 'ஜமீன்தார் சந்தா' என்று பெயர் வைத்தது நண்பர். யாரும் சொத்துப் பத்திரம் காட்டவேண்டியதில்லை, அவரவர் சொல்வதுதான் கணக்கு. இதுவரை கட்டியவர்கள் 64 பேர். ஜமீன்தார்கள் மூன்று பேர். மூவரில் இரண்டு பேரை எனக்குத் தெரியும். இரண்டு பேரும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.